பதில் வரும்வரை உட்காரமாட்டேன்

பாரிஸின் லா சப்பலில் எங்கள் ஊர்ச்சங்கக் கூட்டங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கணக்கு வாசிக்கும்போது கேள்வி கேட்பவர் எழுந்து நிற்பார், பதில் கிடைக்கும்வரை உட்காரமாட்டார். பொருளாளர் மழுப்பினால் ரோல்ஸும் தேநீரும் குசினியிலேயே ஆறிப்போகும். பசி வந்ததும் சனம் பொருளாளரைத்தான் ஏசும். கணக்கை ஒழுங்காக வைத்திருக்க எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வழி இதுதான்.

அந்தப் பழக்கத்தோடுதான் நான் வேலை செய்யும் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவுக்குப் போனேன். எனக்கு நூலகத்தில் வேலை. ஊழியர்கள் வாக்குப் போட்டு என்னைத் தங்கள் பிரதிநிதியாக அனுப்பியிருந்தார்கள். மாலை நேரப் பட்டப்படிப்பை மூடுவதற்கு அன்று வாக்கெடுப்பு. 'நீண்டகால நிலைத்தன்மை' என்று திரையில் பெரிதாக எழுதியிருந்தது. மாலை வகுப்புகளால் கட்டடத்தைச் சூடாக்கும் செலவும் காவலாளியின் சம்பளமும் கட்டுப்படியாகவில்லையாம்.

அந்த வகுப்பில் என் சிநேகிதி இரண்டாம் வருடம் படிக்கிறாள். ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு மளிகைக் கடையில் காசு வாங்கும் இடத்தில் காலையிலிருந்து நின்றபடி வேலை. "ஒரு நாளிலை நான் காலாற இருக்கிறது அந்த வகுப்பிலை மட்டுந்தானடி" என்பாள். அதை மூடினால் அவள் படிப்பு அதோடு சரி.

நான் எழுந்தேன். "வகுப்பு இல்லாத மாலைகளிலும் அந்தக் கட்டடத்தில் விளக்கு எரிகிறது. பெரிய மண்டபத்தை விருந்துகளுக்கு வாடகைக்கு விடுகிறீர்கள். அந்தச் செலவை யார் தலையில் எழுதியிருக்கிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் தரவேண்டுமாம். "உட்காருங்கள், மதாம்" என்றார் தலைவர். நான் உட்காரவில்லை. பேச்சு வேறு விடயத்துக்குப் போனது, கோப்பி வந்தது, நான் நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்திலிருந்த பேராசிரியர் எனக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து தண்ணீர் நீட்டினார். இங்கே இப்படி நிற்பதற்கு ஓர் அர்த்தமும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் உட்கார மனம் வரவில்லை.

வாக்கெடுப்பு நேரம் வந்தது. "இன்னும் என்ன வேண்டும், மதாம்?" என்றார் தலைவர்.

"பதில்."

நிதிப் பொறுப்பாளர் தாள்களைப் புரட்டினார். விருந்துகளின் செலவும் மாலை வகுப்புகளின் கணக்கில்தான் இருக்கிறது என்று கடைசியில் வாயைத் திறந்தார். வாடகை வருமானம் மட்டும் வேறு கணக்கிலாம். தலைவர் வாக்கெடுப்பை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்.

நேரே கடைக்குப் போய்ச் சொன்னேன். சிநேகிதி வெண்டைக்காயை நிறுத்துப் போட்டபடியே ஏசினாள்.

"உனக்கென்ன விசரே? உன்ரை வேலையிலை கை வைச்சாங்களெண்டால்?"

"வைக்கட்டும், பாப்பம்."

"அடுத்த முறையும் மூடத்தான் பாப்பாங்கள். திரும்பவும் நிப்பியோ?"

"ஓம், நிப்பன்."

"கால் நோகாதே?"

நாள் முழுக்க நிற்பவள் கேட்கிறாள்! எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நீ இருந்து படிக்கிறதுக்குத்தானேடி நான் நிண்டனான்" என்றேன்.