பஞ்சு என்று நான் சொன்ன இழை

"கைநாட்டு வீட்டுப் பொண்ணு, மைக்ராஸ்கோப்ல என்னத்தப் பாத்துடப் போவுது?" என்றார் பொம்மனஹள்ளியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்ததும் அவர் முன்னால் நிமிர்ந்து நடந்தேன். பிறகு டாக்டர் மகளான காவ்யா புதிதாகச் சேர்ந்தாள். எல்லாரும் அவளைப் புகழ்ந்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

சிறுநீரகம் மாற்றிய ஒருவரின் நுரையீரலிலிருந்து எடுத்த நீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது ஓர் இழை தெரிந்தது. பஞ்சு என்றேன்.

"பஞ்சு கிளை விடுமா அக்கா? இது பூஞ்சை" என்றாள் காவ்யா.

"எனக்கும் கண்ணு இருக்கு." மறுபடி பார்க்காமலே 'பூஞ்சை இல்லை' என்று கையெழுத்திட்டு அனுப்பினேன்.

மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து மூடி வைத்தேன். சிறுநீரகம் மாற்றியதற்கான மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு, பூஞ்சைக்கான மருந்து தாமதமானால் உயிர் போகலாம். திரும்பிப் போய்ப் பார்த்தேன். இழை கிளை பிரிந்திருந்தது.

வார்டுக்குப் போன் செய்தேன். "தப்பாச் சொல்லிட்டேன் சார், பூஞ்சைதான். காவ்யா கண்டுபிடிச்சா." அந்தப் பெயரைச் சொல்லும்போதும் எரிந்தது. மாலையே மருந்து ஏற்றினார்கள்.

பொறாமை இன்னும் போகவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து, என் ஸ்லைடை அவளும் பார்த்த பிறகே கையெழுத்திடுகிறேன்.