வினாத்தாளைத் தின்ற மான்

எங்கள் வீட்டில் கிழமை முழுவதும் சேர்த்துவைத்த அவசரம் ஞாயிற்றுக்கிழமைதான் செலவாகும். மகள் சாதாரண தர அரசாங்கப் பரீட்சை எழுதவேண்டிய வருடம். காலை ஏழு மணிக்குக் கணிதம், ஒன்பதரைக்கு விஞ்ஞானம், பின்னேரம் இரண்டு மணிக்கு ஆங்கிலம். மூன்று வகுப்புகளும் திருகோணமலை நகரத்தின் மூன்று மூலைகளில் நடந்தன. கணிதம் முடிந்து விஞ்ஞானம் தொடங்குவதற்குள், என் ஸ்கூட்டரின் பின்னால் இருந்தபடி அவள் ஒரு பணிஸ் சாப்பிடுவாள். முன்னால் இருந்தபடி நான் பாடம் கேட்பேன். நேரத்தை இதைவிடக் கெட்டித்தனமாகப் பயன்படுத்த ஒருவராலும் ஏலாது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

ஒரு ஞாயிறு, கோட்டை வாசலைத் தாண்டும்போது வீதியின் நடுவே ஒரு மான் நின்றது. எங்கள் ஊரில் மான்கள் மாடுகளைப் போல வீதியில் திரியும். கடைப் பைகளுக்குள் தலையை விட்டுப் பார்க்கும். நான் நிறுத்தினேன். அந்த நேரத்தில் இன்னொரு மான் பக்கத்தால் வந்து மகளின் கையிலிருந்த கணித வினாத்தாளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவள் இறங்கி அதைத் துரத்தியிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த செய்தி. அப்போது நான் அறிந்தது, முன்னால் நின்ற மான் விலகிவிட்டது, பின்னால் நின்ற ஓட்டோ ஹோர்ன் அடிக்கிறது, மணி ஒன்பது இருபத்தாறு. அவ்வளவுதான்.

ஸ்கூட்டரை முறுக்கினேன்.

"ஒளித்தொகுப்புக்கு என்னென்ன வேணும்? சொல்லு பாப்பம்."

பதில் இல்லை.

"சரி, லேசான கேள்வி. இதயத்தில எத்தினை அறை?"

அதற்கும் இல்லை. கோபம் போல என்று நினைத்தேன். "உம்மெண்டு இருந்தா மாக்ஸ் வராது, பிள்ளை" என்று தொடங்கி, அம்மா நான் எவ்வளவு பாடுபடுகிறேன் என்பதுவரை சொல்லி முடித்தேன். வீதியில் இரண்டொருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் பேச்சு அவர்களுக்கும் பிரயோசனமாக இருக்கட்டும் என்று குரலைக் கொஞ்சம் கூட்டினேன்.

வகுப்பு வாசலில் நிறுத்தி, "இறங்கு, கெதியா" என்றேன். ஸ்கூட்டர் அசையவில்லை.

அங்கே நின்ற ஓட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். "அக்கா, ஆரை இறங்கச் சொல்லுறியள்?"

திரும்பினேன். இருக்கையில் பணிஸ் துகள்கள் மட்டும் இருந்தன.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் அவளுடைய அறையை எட்டிப் பார்த்தேன். இருக்கிறாள். இனித் தொடரலாம்.

திரும்பிப் போன வழி எவ்வளவு தூரம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் வீதியோரத்தைப் பார்த்தேன். பார்க்கப் பயந்துகொண்டே பார்த்தேன். அவள் கோட்டை வாசல் மதிலில் சாய்ந்து, கையில் அரைத் தாளோடு நின்றாள். பக்கத்தில் அந்த மான், வாயை அசைத்தபடி.

"கடைசி மூண்டு கணக்கையும் மான் செய்திட்டுது" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், உதடு சொல்வழி கேட்கவில்லை. "கத்தினனான், அம்மா. நீங்கள் திரும்பியே பாக்கேல்ல."

"ஏறு பிள்ளை, வீட்டை போவம்."

"மாட்டன். நான் நடந்து வாறன்."

அவள் நடந்தாள். நான் இரண்டு கால்களாலும் தெருவை உந்தியபடி, அவளுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரில் வந்தேன். ஒரு சைக்கிள்காரத் தாத்தா எங்களை முந்திப் போகும்போது, "பெற்றோல் முடிஞ்சுதோ தங்கச்சி?" என்று விசாரித்தார்.

சீனன்குடாவில் வேலை செய்யும் என் கணவருக்கு ஞாயிறு லீவு. குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கதையைக் கேட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். "சந்தையில மரக்கறிப் பை விழுந்தா உமக்கு உடன தெரியும். நாப்பது கிலோ பிள்ளை இறங்கினது தெரியேல்லையோ?"

நான் கத்தியை எடுத்து மிச்ச மீனை வெட்டினேன்.

அதற்குப் பிறகு மகள் என் ஸ்கூட்டரில் ஏறவில்லை. பாடசாலைக்குச் சைக்கிளில் போனாள். கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் வேறு நாட்களுக்கு மாற்றினோம், ஆங்கிலத்தை விட்டோம். பரீட்சைக் கவலை எனக்குப் போகவில்லை, ஆனால் அது இரண்டாம் இடத்துக்கு வந்தது. ஸ்கூட்டரின் வெறும் பின்னிருக்கையைப் பார்க்கும்போதெல்லாம், இவள் இனி என்னை நம்பி ஏறுவாளா என்பதுதான் எனக்கு முதற் கேள்வி.

வகுப்பு இல்லாத முதல் ஞாயிறுக்கு நான் நேரசூசி போட்டேன். எட்டு முதல் ஒன்பது வரை தேநீர். ஒன்பது முதல் பத்தரை வரை சும்மா இருத்தல். பத்தரைக்கு ஓய்வு. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுக் கதிரையில் வந்து உட்கார்ந்தேன். ஒன்பது பத்துக்குக் கணவர் உள்ளே எட்டிக் கத்தினார்: "பிள்ளை, ஓடி வா! சும்மா இருக்கப் பத்து நிமிஷம் பிந்திப்போச்சு! அம்மா தனியத் தொடங்கிட்டா!" மகள் சிரித்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் முன்னால் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. நேரசூசியை நானே கிழித்தேன்.

சும்மா இருப்பது கடினமான வேலை. பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் யாராவது வகுப்புப் படம் போட்டால் கை தொலைபேசிக்குப் போகும். தொலைபேசியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். அடுத்த கிழமை அரிசி எடுக்கும் சாட்டில் மூன்று தரம் போனேன். "இண்டைக்கு ஊருக்கே சோறோ?" என்றார் கணவர். ஐந்தாவது ஞாயிறளவில் பானைப்பக்கம் போக மறந்துவிட்டேன். அன்று மகளும் நானும் கணவாய் மீன் துப்புரவாக்கினோம். அவள் தன் சிநேகிதியைப் பற்றிய ஒரு நீண்ட கதை சொன்னாள். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கதை ஒரு மணித்தியாலம் போனது. கறியும் கொஞ்சம் அடிப்பிடித்தது.

அன்று பின்னேரம் அவள் வாசலில் நின்று கேட்டாள்: "ஐஸ்கிறீம் குடிக்கப் போவமா, அம்மா?"

"ஓம். அப்பாவை மோட்டார்சைக்கிளை எடுக்கச் சொல்லட்டோ?"

அவள் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தாள். "உங்கட ஸ்கூட்டரில. ஆனா ஒண்டு. நான் உங்கட ஹெல்மெட்டில ரெண்டு தரம் தட்டினா, பின்னால இருக்கிறன் எண்டு அர்த்தம்."

ஒவ்வொரு திருப்பத்திலும் தட்டினாள். நான் ஊர்ந்தேன், அந்த வேகத்தில் கடல் மணமும் எங்களோடு கூடவே வந்தது. கோட்டை வாசலில் மறுபடி ஒரு மான், வீதிக்குக் குறுக்கே. எஞ்சினை நிறுத்தினேன். பின்னால் ஓர் ஓட்டோ ஹோர்ன் அடித்தது. மான் யோசித்து, காதை ஆட்டி, தன் பாட்டில் விலகியது. ஓட்டோ மறுபடி அடித்தது.

நான் அசையவில்லை. தலையில் இரண்டு தட்டு விழுந்த பிறகுதான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.