பதரில் பிடித்த பால்

சில வருடங்களுக்கு முன், கண்டியிலிருந்து தெல்தெனிய போகும் பாதையோரம் ஒரு தனியார் விதைப் பண்ணையில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். ஒப்பந்த வேலைதான். ஆனால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து படித்து வந்த எனக்கு அது பெரிய விஷயம்.

நாம் சாப்பிடும் நெல்லையும், பூச்சி அண்டாத ஒரு காட்டு நெல்லையும் கலப்பது என் வேலை. பூ விரியும் முன்னே இடுக்கியால் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, காட்டு நெல்லின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். எத்தனையோ தடவை தோற்று, கடைசியில் ஒரே ஒரு செடி தேறியது. தூர் பிரித்துச் சில சட்டிகளில் நட்டு, வலை அடித்த என் வலைக்கூடத்தில் வைத்தேன். செழித்து வளர்ந்து கதிரும் தள்ளியது. ஆனால் அத்தனையும் பதர். நிறமூர்த்தங்கள் என்கிற குரோமோசோம்கள், தாய் வழி வந்தவையும் தகப்பன் வழி வந்தவையும் ஜோடி சேராவிட்டால் மகரந்தம் சூம்பிவிடும். கோவேறு கழுதை குட்டி போடாதே, அந்த மாதிரி.

ஒருநாள் வழக்கம்போல மகரந்தத்தில் அயடீன் விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். வெளிறிய சக்கைகளுக்கு நடுவே சில மட்டும் பெரிதாக, உருண்டையாக, கறுத்துத் தெரிந்தன. நல்ல மகரந்தம்தான் அயடீனில் அப்படிக் கறுக்கும். திரும்பத் திரும்பப் பார்த்தேன். மகரந்தம் உண்டாகும்போது நிறமூர்த்தங்கள் பாதியாகக் குறைய வேண்டும். அபூர்வமாகச் சில செடிகளில் அவை குறையாமல் முழுசாகவே நின்றுவிடும். அப்படி முழுசான மகரந்தமும் முழுசான சூலும் சேர்ந்தால் மலட்டுச் செடியிலும் மணி பிடிக்கும். அந்த மணியிலிருந்து வரும் செடி மலடாக இருக்காது.

அடுத்த கிழமை ஒரு மணியை நகத்தால் அழுத்தினேன். பால் கசிந்தது.

பொறுப்பதிகாரியிடம் ஓடினேன். யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய படிப்புப் படித்தவர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பக்கத்துச் செடியின்ர மகரந்தம் காத்தில வந்திருக்கும் பிள்ளை. உதைப் பெரிசா எடுக்காதேங்கோ.”

“பூக்கிறதுக்கு முன்னுக்கே கதிருக்கு உறை போட்டுட்டேன் சேர்.”

“சரி, பாப்பம்.”

மணி முற்றக் காத்திருந்தபோது அம்மாவுக்குப் பேராதனை ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் வந்தது. லீவு போட்டுவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது என் வலைக்கூடத்தில் நெல்லே இல்லை. வரிசையாக அந்தூரியம் சட்டிகள் சிரித்துக்கொண்டிருந்தன. கொழும்பிலிருந்து பெரிய ஆள் ஒருவர் பண்ணை பார்க்க வருகிறாராம். தரையைக் கூட்டிக்கொண்டிருந்த பண்ணை வேலைக்கார அக்காவிடம் என் செடிகள் எங்கே என்று கேட்டேன்.

“சேர்தானம்மா நின்னு காட்டுனாரு, இந்த வரிசை பூராவும் புடுங்கி உரக்குழியில போடுங்கன்னு. புல்லு மாதிரி அசிங்கமா இருக்காம். ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

என் முகத்தைப் பார்த்ததும் அவர் விளக்குமாறைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார். இருவரும் உரக்குழியில் மண்டியிட்டுத் தேடினோம். மழையில் உறைகள் ஊறிக் கிழிந்திருந்தன. தூர்கள் அழுகியிருந்தன. கைக்கு அகப்பட்டது சில பச்சை மணிகள். முற்றாத மணிதான். ஆனாலும் உடனே கருவைப் பிரித்து, ஆய்வுகூடத்தில் ஊட்டக்கூழில் வைத்தால் பிழைக்க வாய்ப்பிருந்தது.

பொறுப்பதிகாரியிடம் ஆய்வுகூடச் சாவி கேட்டுப் போனேன்.

“லாப் எல்லாம் துடைச்சு வச்சிருக்கு. இப்ப திறக்கேலாது. விருந்தாளி வந்திட்டுப் போகட்டும்,” என்றார். நான் கதவைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டார். “நாளைக்குச் சாறி உடுத்துக்கொண்டு வாங்கோ. விருந்தாளியை வரவேற்று வெத்திலை குடுக்க ஒரு ஆள் வேணும்.”

சேலை உடுத்திக்கொண்டு போனேன். நகக்கண்ணில் உரக்குழி மண் போகவே இல்லை. அந்தக் கையாலேயே வெற்றிலைக் கட்டை நீட்டினேன். விருந்தாளி தாமதமாக வந்தார். மழை பிடித்துக்கொண்டதால் வலைக்கூடத்துப் பக்கமே போகவில்லை. தேநீர் குடித்தார், படம் எடுத்துக்கொண்டார், போய்விட்டார். ஆய்வுகூடம் திறந்தபோது ஈரத்தாளில் வைத்திருந்த மணிகள் பூஞ்சணம் பிடித்துக் கறுத்திருந்தன.

“திரும்பச் செய்யலாம்தானே,” என்றார் பொறுப்பதிகாரி. செய்தேன். புதிதாக வந்த கலப்புச் செடிகள் எல்லாமே பதராகவே நின்றன. ஒப்பந்தம் முடிந்தபோது என்னிடம் காட்ட எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது கண்டியில் உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன்.

அந்த மணிகள் முளைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னது போல அது காற்றில் வந்த மகரந்தமாகவும் இருந்திருக்கலாம். முளைக்காமல் தோற்றிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். அழகுக்கு வைத்த பூச்சட்டிகளுக்காக, அதைத் தெரிந்துகொள்ளவே விடாமல் செய்ததுதான் இன்றுவரை ஆறவில்லை.