ஏழாவது விதிமுறை

விதிமுறை எழுத உட்கார்ந்துவிட்டால் பிரேமலாவுக்குப் பசி தூக்கம் தெரியாது. மலேசியாவில், பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து லைன் லீடராக உயர்ந்தவள். கேண்டீனில் தட்டை எங்கே வைப்பது, கழிப்பறையில் எவ்வளவு நேரம் கைபேசி பார்ப்பது என்று அங்கே சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளில் பாதி அவள் எழுதியவைதான். மாசாயில் இருந்த அவள் வீடும் அதற்குத் தப்பவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில், கணவர் ஜெயபாலன் ஒரு நாளைக்கு எத்தனை மடக்குத் தண்ணீர் குடிக்கலாம் என்று எழுதி ஒட்டியிருந்தாள். ஜெயபாலன் பழைய லோரி ஓட்டுநர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு கிடந்தார்.

அப்படிப்பட்டவள் கையில் ஒரு வாட்ஸ்ஆப் குழுவைக் கொடுத்தால் சும்மா இருப்பாளா?

‘ஜொகூர் கிட்னி குடும்பம்’ என்பது குழுவின் பெயர். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் அவர்கள் வீட்டாருமாக நூற்று நாற்பது பேர். பிரேமலா பொறுப்பை ஏற்றபோது அது மீன் சந்தையாக இருந்தது. கிட்னி நோயாளிக்கு ஆகாத டுரியான் பழத்தைத் தின்றதாக ஒருத்தர் வாய்தவறிச் சொல்லிவிட்டால் பத்துப் பேர் சேர்ந்து அவரைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். ஒரு ஆள் தினமும் ஏதோ இலைச்சாறு விற்றுக்கொண்டிருந்தார். அரசியல் பேசி, அதில் சாமியையும் இழுத்துவிட்டு, எழுபது வயதுக்காரரை ‘நீ’ என்று கூப்பிட்டவனும் உண்டு. பிரேமலா ஒரே மூச்சில் ஆறு விதிமுறைகளை எழுதிப் போட்டாள். எல்லோரையும் ‘நீங்க’ என்றுதான் கூப்பிட வேண்டும். உடம்பில் தண்ணீர் ஏறிவிட்டது என்று சொல்பவரைத் திட்டக்கூடாது. மருந்து விற்கக்கூடாது. மீதியும் அந்த வகைதான். சொன்னால் நம்பமாட்டீர்கள், இரண்டே வாரத்தில் குழு அடங்கி, மனிதர்கள் மனிதர்களாகப் பேச ஆரம்பித்தார்கள். “எங்க அட்மின் மாதிரி பார்லிமென்ட்ல ஒரு ஆள் இருந்தா நல்லாருக்கும்” என்று ஜெயபாலன் அங்கேயே எழுதிக் கிண்டல் செய்தார்.

ஏழாவது விதிமுறை பிறகு வந்தது. அது வந்த கதை வேறு.

ஒரு வாரத்தில் மூன்று சாவு. குழுவில் இருந்த மூன்று நோயாளிகள் அடுத்தடுத்துப் போனார்கள். ஒவ்வொரு செய்திக்கும் கீழே நூறு மெழுகுவத்திப் படம், நூறு ‘ஆழ்ந்த இரங்கல்’. இதே நோயோடு இருக்கிற மனுஷன் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தால் என்ன ஆவார்? மறுநாள் காலை டயாலிசிஸுக்குக் கிளம்பாமல் ஜெயபாலன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். “போயி என்னா ஆகப் போகுது பிரேமா” என்றார். அவள் கெஞ்சினாள், அழுதாள், கத்தினாள். அவர் அசையவில்லை. அன்று சாயங்காலம் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டு, மூச்சுக்குத் தவித்த அவரை ஆம்புலன்ஸில் தூக்கிப் போனார்கள். பிழைத்து வந்தார். அவர் வார்டில் கிடந்தபோதே, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் எழுதினாள்: ‘7. இந்தக் குழுவில் மரணச் செய்தி போடக்கூடாது. போட்டால் நீக்கப்படும்.’

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஜெயபாலன் அதன் பிறகு ஒரு நாள்கூட டயாலிசிஸுக்கு மட்டம் போடவில்லை. அந்த விதிமுறைதான் தன் புருஷனைக் காப்பாற்றியது என்று பிரேமலா மனதார நம்பினாள்.

நாளடைவில் அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. டயாலிசிஸ் முடிந்து வந்து களைத்துப் படுத்திருக்கும்போது ஜெயபாலன் சில நாள் ஆரம்பிப்பார். “பிரேமா, ஒண்ணு சொல்லணும். எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா…”

“ரூல் ஏழு!” என்று அவள் விரலை ஆட்டுவாள்.

“சரிங்க அட்மின்” என்று அவர் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். இது இரண்டு மூன்று முறை நடந்தது. கடைசித் தடவை அவர் சிரிக்கவில்லை. “அட்மின்கிட்ட ஒரு அப்பீல் பண்ணலாமா?” என்று கேட்டார். “அதெல்லாம் கெடையாது” என்று சொல்லிவிட்டு அவள் துணி காயப்போடப் போய்விட்டாள்.

எட்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஜெயபாலன் அப்படியே சாய்ந்துவிட்டார். இருதயம் நின்றுவிட்டது. ஒரு வார்த்தை பேச நேரமில்லை.

மாசாய் டயாலிசிஸ் சென்டரிலிருந்து பதினோரு பேர் சாவுக்கு வந்தார்கள். அத்தனை பேரும் குழுவில் இருப்பவர்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஆனால் குழுவில் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. அவ்வளவு கட்டுப்பாடு! அடக்கம் முடிந்து வந்து பிரேமலா கைபேசியைத் திறந்தபோது, கீரையை எத்தனை முறை கொதிக்கவைத்துத் தண்ணீரை வடிக்கவேண்டும் என்று அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். நாலு வருடமாகச் சொந்த அண்ணன் தம்பியைவிட நெருக்கமாகப் பழகியவர்கள். யாரைக் குறை சொல்வது? அவள் போட்ட பூட்டு, அவளே திறந்தால்தான் உண்டு.

பதினாறாம் நாள் கருமாதியும் முடிந்தது. மெர்சிங்கிலிருந்து ஒருத்தர் கேட்டார், “ஜெயபாலன் அண்ணன் எங்க, சத்தத்தையே காணோம்?” அவள் பதில் போடவில்லை. ஒரு நாள் பகலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். அவர் எப்படி லோரி ஓட்டினார், ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு எப்படித் தாகத்தை அடக்கினார், எப்போது போனார் என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள். நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு மணி நேரம் ஓடியிருந்தது. அனுப்பும் அம்புக்குறி மேல் விரலை வைத்தவளுக்கு அப்போதுதான் புஷ்பவள்ளியின் ஞாபகம் வந்தது.

புஷ்பவள்ளி செடெனாக்கில் இருப்பவள். அவள் மகன் யுகேந்திரன் இருபத்தாறு வயதிலேயே டயாலிசிஸுக்கு வந்தவன். குழுவின் செல்லப்பிள்ளை அவன். “அலமாக், உப்பில்லாத கறிய நாய்கூட மோந்து பாக்காதுண்ணே” என்று குரல் பதிவு போடுவான். ஜெயபாலன் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரிப்பார். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், தொழிற்சாலையில் ஷிப்டு மாறுகிற நேரத்தில், புஷ்பவள்ளியிடமிருந்து நீளமான செய்தி ஒன்று குழுவில் வந்தது. முதல் வரியில் ‘என் மகன் யுகேன் நேற்று’ என்று இருந்தது. பிரேமலா அழித்தாள். ‘அட்மின் பிரேமலா இந்தச் செய்தியை நீக்கினார்’ என்று அந்த இடத்தில் விழுந்தது. கீழே ‘விதிமுறை 7-ஐ நினைவில் கொள்ளவும், நன்றி’ என்று கைகூப்பும் படத்தோடு போட்டாள். கால் மணி நேரத்தில் புஷ்பவள்ளி குழுவை விட்டுப் போனாள். அது அட்மினுக்கு மட்டும்தான் தெரிந்தது. புருஷனுக்குத் தெரியவேண்டாம் என்று பிரேமலா ஒன்றும் சொல்லவில்லை. யுகேனைப் பற்றி அவரும் கேட்கவில்லை. மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது, தான் எழுதியதைப் பார்த்தாள். அம்புக்குறியிலிருந்து விரலை எடுத்தாள். அந்தத் தாயும் இப்படித்தானே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதியிருப்பாள்?

மறுநாள் காலை காரை எடுத்துக்கொண்டு செடெனாக்குக்குப் போனாள். வருவதாக மட்டும்தான் போனில் சொல்லியிருந்தாள். குடியிருப்புத் தாமானின் கடைசி வரிசை வீடு. வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள், மேலே துணி போட்டு மூடியிருந்தது. புஷ்பவள்ளி கதவைத் திறந்து, அவளுக்குப் பின்னால் காரைப் பார்த்தாள்.

“வாங்கக்கா. அண்ணன் வரலியா?”

“போயிட்டாரு புஷ்பவள்ளி. இருவது நாளாச்சு.”

புஷ்பவள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். மைலோ கலக்கிக்கொண்டு வந்து வைத்தாள். இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

“மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். அன்னிக்கு நீங்க போட்டத நான் அழிச்சிருக்கக் கூடாது.”

“ஒண்ணு மட்டும் கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சுக்கா” என்றாள் புஷ்பவள்ளி. குரலில் கோபம் இல்லை. “அழிக்கிறதுக்கு முன்னாடி படிச்சீங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். பிரேமலாவுக்கு வாய் வரவில்லை. “இல்ல. மொத வரிதான் பாத்தேன்.”

புஷ்பவள்ளி தலையை ஆட்டினாள். எழுந்துபோய்த் தன் கைபேசியை எடுத்து, தேடி, அவள் கையில் கொடுத்தாள். “இப்ப படிங்க.”

யுகேனைப் பற்றிய செய்தி முழுதாக இருந்தது. நேற்று சாயங்காலம் போய்விட்டான், கடைசி வரை சிரித்துக்கொண்டிருந்தான், மாமா அத்தை அண்ணன் அக்கா எல்லோருக்கும் நன்றி சொல்லச் சொன்னான், யாரும் பயந்து டயாலிசிஸை நிறுத்திவிடாதீர்கள் என்று என்னை எழுதச் சொன்னான். பிரேமலா எதற்குப் பயந்து அழித்தாளோ, அதற்கு மருந்தே அதில்தான் இருந்திருக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையின் மேலே பார்த்தாள். அந்தச் செய்தியை அனுப்பியிருந்தது ஜெயபாலனின் எண்.

‘தங்கச்சி, நான் மாசாய் ஜெயபாலன்’ என்று அவர் எழுதியிருந்தார். ‘நாற்காலியில படுத்திருந்தப்ப நீங்க எழுதினத முழுசா படிச்சேன். பிரேமா அழிச்சிருவான்னு தெரியும், அதான் காப்பி எடுத்து வச்சேன். உங்க எழுத்து உங்ககிட்ட இருக்கணும்னு அனுப்பறேன். அவமேல கோவப்படாதீங்க. எனக்காகத்தான் பண்றா. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா. நானும் தெரியாத மாதிரியே இருக்கேன்.’

சில மாதம் கழித்து இன்னொன்று. ‘தங்கச்சி, கடைசி நாள்ல யுகேன் உங்ககிட்ட என்னா பேசினான்?’

புஷ்பவள்ளி பதில் எழுதியிருந்தாள். எல்லாமே பேசினான் அண்ணே. மோட்டாரை யாருக்கும் கொடுக்காதே என்றான். எந்தச் சட்டை போட்டு அனுப்பவேண்டும் என்றான். நான் ராத்திரி அழுதால் ரேடியோவைப் போட்டுக்கொள்ளச் சொன்னான்.

அதற்குக் கீழே ஜெயபாலனின் கடைசிச் செய்தி: ‘நீங்க குடுத்து வச்சவங்க. அவன் பேசினான், நீங்க கேட்டீங்க.’

பிரேமலா விரலால் திரையைத் தள்ளிப் பார்த்தாள். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

“வேற ஏதாச்சும் சொன்னாராம்மா? போன்ல? எங்கிட்ட சொல்லணும்னு ஏதாச்சும்?”

“இல்லக்கா. அதான் கடைசி.”

அப்போது அவள் அழுத அழுகை, சாவு வீட்டில்கூட அழாத அழுகை. புஷ்பவள்ளி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். யுகேனின் செய்தியைக் குழுவில் மறுபடி போடட்டுமா என்று பிரேமலா கேட்டதற்கு, “வேணாங்கா. சொல்ல வேண்டிய நாள் போயிருச்சு” என்று மட்டும் சொன்னாள்.

அங்கேயே உட்கார்ந்து பிரேமலா ஏழாவது விதிமுறையை நீக்கினாள். எழுதிவைத்திருந்த நீளச் செய்தியை அனுப்பவில்லை. ‘என் கணவர் ஜெயபாலன் காலமாகி இருபது நாள் ஆகிறது. சொல்லாததற்கு மன்னியுங்கள்’ என்று ஒரே வரி போட்டாள். விடைபெற்று வெளியே வருவதற்குள் கைபேசி அதிர ஆரம்பித்து, நிற்காமல் அதிர்ந்தது. மெழுகுவத்திகள். அவள் பார்க்கவில்லை.

காரில் ஏறினாள், சாவியைப் போட்டாள், ஓட்டவில்லை. ஜெயபாலனின் பெயரைத் தேடித் திறந்தாள். அவர் போவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, ‘வர்றப்ப முட்டை வாங்கிட்டு வாங்க’ என்று அவள் போட்டதுதான் கடைசியாக இருந்தது. அவர் படித்துவிட்டதற்கான இரண்டு நீலக் குறியோடு.

அதன் கீழே எழுதினாள்: ‘அப்பீல ஏத்துக்கிட்டேன். சொல்லுங்க.’

அனுப்பினாள். ஒரு சாம்பல் குறி விழுந்தது. அவருடைய கைபேசி மாசாய் வீட்டு அலமாரியில் அணைந்து கிடக்கிறது என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் இரண்டாவது குறி விழுகிறதா என்று அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.