சூரியக் காற்றும் அப்பாவின் மூச்சும்

அப்பா மலாக்காவில் ஜாசின் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கூடத்தில் வேலை செய்தவர். நுரையீரல் கெட்டு வேலையை விட்டபோது நான் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றேழில், சுமத்ராவில் எரிந்த காடுகளின் புகை மலாக்காவை மூடியிருந்த சமயம், அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். பகலிலேயே லாரிகள் விளக்குப் போட்டு ஓடின.

என் இறுதியாண்டு ஆய்வு சூரியக் காற்றைப் பற்றியது. சூரியனிலிருந்து ஓயாமல் கிளம்பும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டத்துக்கு அப்படிப் பெயர். புளூட்டோவையும் தாண்டிய தூரத்திலிருந்து ஒரு விண்கலம் அதன் வேகத்தையும் அடர்த்தியையும் அளந்து அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த எண்களை வரைபடமாக்கிய தாள்களைக் கட்டிலருகே உட்கார்ந்து புரட்டுவேன்.

“என்னம்மா அது, கோடு கோடா?” அப்பா ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக் கேட்டார்.

சொன்னேன். பூமிக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கரைக்கட்டி அளவு இடத்தில் ஐந்தாறு துகள் இருக்கும். விண்கலம் இருக்கும் தூரத்தில் ஆயிரம் கட்டி அளவு இடத்தில் இரண்டோ மூன்றோதான். ஆனாலும் வேகம் பெரிதாகக் குறையவில்லை.

“அத மூச்சுக்கு இழுக்கலாமா?”

“முடியாதுப்பா. ஒண்ணுமே இல்லாத மாதிரிதான்.”

“அப்பறம் எதுக்குக் காத்துன்னு பேரு வெச்சானுங்க?”

சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. அம்மா அவர் முதுகைத் தடவியபடி என்னை முறைத்தார். “அவரப் பேச வைக்காத லா.”

இருமல் அடங்கியதும், “எங்கதான் போய் முடியுது?” என்றார்.

“தெரியலப்பா. விண்கலம் அந்த எல்லைக்கு இன்னும் போய்ச் சேரல.”

பல்கலைக்கழகத்தில் ஆய்வை விளக்கவேண்டிய நாள் நெருங்கியது. நான் போகமாட்டேன் என்றேன். “பஸ் ஏறும்மா. நான் எங்கயும் போயிட மாட்டேன்,” என்றார்.

போனேன், விளக்கினேன். அந்த எல்லை எப்போது வரும் என்று ஒரு விரிவுரையாளர் கேட்டார். ஆளுக்கொரு தூரம் கணிக்கிறார்கள், அதற்குள் கலத்தில் மின்சாரம் தீர்ந்தும் போகலாம் என்றேன். வெளியே வந்து, பொதுத் தொலைபேசியில் காசு போட்டு எங்கள் எதிர்வீட்டுக் கடையை அழைத்தேன். கடைக்கார அண்ணன்தான் எடுத்தார்.

“கெளம்பி வா தங்கச்சி. காலையில அப்பா போயிட்டாரு. நீ முடிச்சிட்டு வரட்டும்னு அம்மாதான் சொல்ல வேணாம்னாங்க.”

வீட்டு வாசலில் அம்மா அழவில்லை. “நல்லா பேசினியா?”

“பேசினேம்மா.”

“விடிஞ்சதுலருந்து அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தாரு.”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆண்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரோட்டின் திருப்பத்துக்கு முன்பே புகை அவர்களை மறைத்துவிட்டது. தேர்வு முடிவு நன்றாகவே வந்தது. மேற்கொண்டு படிக்கவில்லை. மலாக்காவிலேயே பாச்சாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டேன்.