தெரு முழுக்க ஒரே கறை

மையே இல்லாத பேனா ஒன்றை, படம் வரையும் குழுவின் லீட் மேடம் என் கையில் கொடுத்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு வீடியோ கேம் கம்பெனி. அங்கே மாடிப்படிச் சுவரைப் பழைய கோட்டைச் சுவர் மாதிரி ஆக்கித்தரப் போயிருந்தேன். ஆக்கியதும், தொட்டவர்கள் காரை உதிருமோ என்று கையை இழுத்துக்கொண்டார்கள். நான் படித்தது ஐந்தாவது வரை. ஆனால் ஓசூர் ரோட்டில் என்னைப் போல் பெயின்டர் கிடையாது. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? அந்தச் சுவரைப் பார்த்துத்தான், கேமில் வரும் வீடுகளுக்குச் சுவர் வரைய மேடம் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு என் மகள் வயது. அப்பா, தாத்தா காலத்திலிருந்தே பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். மானேஜர் முகம் சுளித்தபோது, “என் பொறுப்பு சார்” என்று முடித்துவிட்டார்.

பேனாவைப் பலகையில் தேய்த்தால் எதிரே திரையில் வண்ணம் விழும். சீக்கிரமே பிடித்துக்கொண்டேன். நிழலுக்குக் கறுப்பைக் கலந்துகொண்டிருந்த என்னை ஊதாவுக்கு மாற்றியவர் மேடம்தான். “வெயில்ல நிழல் கறுப்பா இருக்காது அண்ணா, ஆகாசம் அதுல விழும்” என்றார். அன்று சாயங்காலம் சந்தாபுராவில் பஸ் இறங்கி, கடைகளின் நிழலையே பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மைதான், ஊதா! பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

பிறகு கேமில் ஒரு கடைத்தெரு வரையும் வேலை வந்தது. வெள்ளிக்கிழமை, வேலை கொடுத்த வெளிநாட்டுக்காரர் திரையில் வந்து பார்ப்பார். பிடிக்காவிட்டால் வேலை வேறு கம்பெனிக்குப் போகும், மேடத்தின் குழுவைக் கலைத்துவிடுவார்கள். நான் ஒரு சுண்ணாம்புச் சுவர் வரைந்தேன். ஜன்னலுக்குக் கீழே நீர் கசிந்த கறை, ஓரத்தில் பாசி. தொட்டால் விரல் ஈரமாகும், அப்படி. என் தொழிலில் ஒரு சுவர் என்றால் ஒரு சுவர்தான். கம்ப்யூட்டரிலோ ஒரே படத்தை எல்லா வீட்டுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். வியாழக்கிழமை ஒட்டிப் பார்த்தால் தெரு முழுக்க அதே கறை, ஜன்னல் இல்லாத வீட்டிலும். “ஊர் பூரா ஒரே பைப்பு ஒடஞ்சிருக்கு அண்ணா” என்று பக்கத்து சீட்டுப் பையன் சிரித்தான். சுமாராக வரைந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

வெறும் சுவரையே ஒட்டிவிடச் சொன்னார் மானேஜர். மேடம் கேட்கவில்லை. கறையை மட்டும் தனியாக வெட்டி எடுத்தார். எந்தச் சுவர்மேலும் ஒட்டலாம் என்று காட்டிவிட்டு, “ஒவ்வொரு வீட்டுக்கும் மொதல்ல காரணம் சொல்லுங்க அண்ணா. கறை அப்புறம்” என்றார்.

அடேயப்பா, அந்த நாள்! இங்கே பாத்திரம் கழுவி ஊற்றுகிறார்கள், இங்கே மாடு உரசுகிறது, இந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல அவர் வீட்டைத் திருப்பிக் காட்டுவார், நான் வரைவேன். சாப்பாடு ஆறிப்போனது. சாயங்காலம், ஓர் ஆளைக்கூட வரையாமலே தெருவில் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அந்த வெளிநாட்டுக்காரர் கேமுக்குள் எங்கள் தெருவில் நடந்து போனார். தெருக்கோடி வீட்டின் முன் நின்றார். அங்கே சுவர் மூலையிலிருந்து வாசல்வரை, கை உயரத்தில், எண்ணெய்ப் பிசுக்குக் கோடு ஒன்று. ஏதோ கேட்டார். மேடம் என் பக்கம் திரும்பினார்.

“அண்ணா, அந்த வீட்டுல யாரு இருக்காங்கன்னு கேக்கறாரு.”

“கண்ணு தெரியாத பெரியவர் மேடம். செவுத்தத் தடவிக்கிட்டேதான் வாசலுக்கு வருவாரு.”

மேடம் இங்கிலீஷில் சொன்னார். வெளிநாட்டுக்காரர் அந்தக் கோட்டின் வழியே வாசல்வரை போனார். பிறகு, தெரு வேலை எங்களுக்கே என்றார். அந்தப் பெரியவரும் கேமில் வேண்டும் என்றார். மேடம் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

இப்போது மேடம் வெளிநாட்டில் இருக்கிறார். நான் அதே ஆபீசில், எனக்கென்று ஒரு மேஜையோடு இருக்கிறேன். எந்த நாட்டில் யார் அந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், கோடி வீட்டுப் பெரியவர் சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வருகிறார். அவர் பிறப்பதற்கு முன்பே அவர் கைத்தடத்தை வரைந்தவன் நான். காரணம் கேட்டு வரைய வைத்தவர் மேடம்.