எல்டன் பிரையரின் குறையே இல்லாத துப்பாக்கி

பார்சல் வந்ததும் எல்டன் பிரையர் அதைப் பிரிக்க மாட்டார். முதலில் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். உள்ளே கடகடவென்று ஆடினால் முகம் சுருங்கிவிடும். "நல்ல கம்பெனிக்காரன் சாமானை இப்படி ஆடவிட மாட்டான்" என்று பிரிக்காமலே தீர்ப்பு. சத்தமே வராவிட்டால் அதற்கும் ஒரு சந்தேகம். "உள்ள ஏதாவது வெச்சானா, வெறும் டப்பாவை அனுப்பிட்டானா?"

அதன்பிறகு சாப்பாட்டு மேசைக்குப் போவார். மேசையின் பெரும்பகுதியில் ஒரு பச்சைத் துண்டு விரித்திருக்கும். அதன்மேல் ஸ்பிரிங், ஆணி, திருகு என்று வரிசையாகப் பாகங்கள். மீதமிருக்கும் மூலையில்தான் அவர் மனைவி ரோண்டா பன் மாதிரியான பிஸ்கட்டையும் சாசேஜ் குழம்பையும் வைத்துச் சாப்பிட வேண்டும். துண்டின்மேல் ஒரு சொட்டுக் குழம்பு தெறித்தால் வீடு இரண்டுபடும்.

அவர் செய்துகொண்டிருப்பது ஒரு துப்பாக்கி. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா போகும், அடுத்தது தானாகவே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்காவில், மிசூரியின் இந்த மலைப்பக்கத்தில் அது ஒன்றும் பெரிய சங்கதியில்லை. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, ரேடியோவில் பேஸ்பால் கேட்டுக்கொண்டே ஒரு சனிக்கிழமை மத்தியானத்தில் பூட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. எல்டன் தன் கையால் பூட்டுகிற முதல் துப்பாக்கி இதுதான். அதனால் இரண்டாவது வருஷமாகப் பாகம் பொறுக்கிக்கொண்டிருக்கிறார், மகராசன்.

அவர் மேல் மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை, தொழில் அப்படி. பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக். "அறுபது பிள்ளைங்க நான் முறுக்கின போல்ட்டை நம்பித்தான் மலை இறங்குது" என்பார். போல்ட்டை நம்பி வாழ்கிற மனிதர் எந்தப் போல்ட்டையும் நம்ப மாட்டார் என்பது ரோண்டாவுக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

பாகம் வாங்க அவருக்கென்று சில சட்டதிட்டங்கள் உண்டு. பளபளவென்று சிவப்பிலும் நீலத்திலும் வருவதைத் தொடக்கூட மாட்டார். "நகைக்கடைச் சாமான்" என்று ஒதுக்கிவிடுவார். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டுகிற துப்பாக்கி போல்ட் என்றால், உள்விரிசல் இருக்கிறதா என்று சோதித்து முத்திரை குத்தியிருக்க வேண்டும். முத்திரை இருந்தாலும் பூதக்கண்ணாடி வைத்து முத்திரையையே சோதிப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, தயாரிக்கிற கம்பெனியில் போன் எடுக்க ஆள் இருக்க வேண்டும். போன் போட்டு முதலில் அந்த ஊர் மழையைப் பற்றி விசாரிப்பார். அப்புறம் சாவகாசமாக, "உங்க ஸ்பிரிங் எப்போ உடையும்?" என்று கேட்பார். "உடையவே உடையாது சார்" என்று சொன்னால் வைத்துவிடுவார். "ஐயாயிரம் தோட்டா சுட்டதுக்கு அப்புறம் மாத்திடுங்க" என்று எவனாவது சொன்னால்தான் முகம் மலரும். "இவன்தான்யா யோக்கியன்!"

துப்பாக்கிக் குழல் தேடியதிலேயே ஒரு மான் வேட்டைக் காலம் முழுசாகப் போய்விட்டது. உள்ளூர்த் துப்பாக்கிக் கடைக்காரர் டுவெய்ன், கண்ணாடிப் பெட்டியிலிருந்து குழல்களை எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே களைத்துப் போனார். எல்டன் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

"யோவ், ரோண்டாவைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி இவ்ளோ யோசிச்சியா நீ?" என்று டுவெய்ன் ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டார்.

தீவனம் வாங்க வந்த இடத்தில் எட்டிப் பார்த்த ரோண்டா பதில் சொன்னாள். "சர்ச்சுல ஒரு சாப்பாடு, ஏரிக்கரையில ஒரு நடை. அவ்ளோதான். வந்து கேட்டுட்டாரு. என்னையும் அந்தப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தா இன்னும் பார்த்துக்கிட்டேதான் இருந்திருப்பாரு."

கடை முழுக்கச் சிரித்தது. எல்டனும் சிரித்தார், குழலைக் கண்ணிலிருந்து எடுக்காமலே.

ரோண்டா சிரித்தாளே தவிர அவள் வயிற்றெரிச்சல் அவளுக்கு. இந்தத் துப்பாக்கியே அவளுடைய ஆடுகளுக்காகத்தான். போன வசந்தத்தில் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து கயோட்டிகள் வந்தன. நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிடச் சிறிசு, திருட்டில் இரண்டுக்கும் அண்ணன். பிறந்து ஈரம் காயாத மூன்று குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. வீட்டில் இருந்த பழைய மான் துப்பாக்கியால் எல்டன் சுட்டார். ஒன்றுக்குக் குறி வைத்துத் தவறவிட்டு, அடுத்த தோட்டாவைக் கையால் ஏற்றி முடிப்பதற்குள் அதன் ஜோடி பக்கத்து மாநிலத்துக்கே போயிருக்கும். அன்றைக்குத்தான் அவர், "இரு, உனக்குத் தானா தோட்டா ஏறுற, நடுவுல மாட்டி ஜாம் ஆகாத ஒரு துப்பாக்கி செஞ்சு காட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்தார். ரோண்டா பால் வாளியைக் கழுவுகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

இந்த வருஷம் ஆடுகள் மறுபடி சினை. அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தா மனுஷா, நல்லாக் கேட்டுக்கோ. இந்த வாட்டி ஒரு குட்டி போனாலும் மந்தையை மொத்தமாச் சந்தைக்கு ஏத்திடுவேன். வளர்த்து வளர்த்து நரிக்குப் போட என்னால ஆகாது."

சொன்னால் செய்கிறவள் அவள். எல்டனுக்குச் சுருக்கென்றது. ஒரே வாரத்தில் துப்பாக்கியைப் பூட்டி முடித்தார்.

அதைச் சுட்டுப் பார்க்கக் கல்குவாரிக்குக் கொண்டுபோனபோது ஊரில் பாதி அங்கே இருந்தது. சனிக்கிழமை என்றால் டிரக்குகளைப் பின்பக்கமாக நிறுத்தி, தகரப் பலகைகளைச் சுட்டுக்கொண்டிருப்பது வழக்கம். அன்றைக்கு எல்லாரும் சுடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். எல்டன் காதடைப்பான் மாட்டி, தோள் கொடுத்து, மூச்சை அடக்கி விசையை இழுத்தார். முதல் தோட்டா போனது. இரண்டாவது குறுக்காக மாட்டிக்கொண்டது.

மாட்டியதை எடுத்துவிட்டு மறுபடி சுட்டார். மறுபடி மாட்டியது. அவ்வளவுதான், ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிட்டார்கள். ஒருவர் ஸ்பிரிங் என்றார், இன்னொருவர் குழல் என்றார், போல்ட்டுக்கு எண்ணெய் போதாது என்றார் சர்ச்சில் பியானோ வாசிக்கிறவர். எல்டன் காது மடல் சிவந்து நின்றுகொண்டிருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

டுவெய்ன்தான் கிட்டே வந்து, தோட்டாக்களை அடைத்துவைக்கிற மேகசினைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். அதன் வாய் நசுங்கியிருந்தது.

"இது எங்க வாங்கினது?"

"துப்பாக்கிச் சந்தையில. ஒரு வாளி நிறையப் போட்டு வெச்சிருந்தான்."

"வாளியிலேர்ந்தா?"

"வெறும் டப்பாதானேய்யா அது!"

குவாரி அதிர ஒரு சிரிப்பு எழுந்தது. முத்திரையையே சோதித்த மனிதர், தோட்டா ஏறி வருகிற வாசலை வாளியில் கைவிட்டு எடுத்திருக்கிறார்! டுவெய்ன் தன்னுடைய மேகசினைப் போட்டுக் கொடுத்தார். துப்பாக்கி தையல் மெஷின் மாதிரி ஓடியது. ஒரு தடவைகூட மாட்டவில்லை. எல்லாரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். எல்டனுக்குத் தூக்கம் வரவில்லை. "டப்பாவுல ஏமாந்தேன்னா வேற எதுல ஏமாந்திருக்கேனோ?" என்று காலை இருட்டிலேயே எழுந்து, பச்சைத் துண்டை விரித்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த துப்பாக்கியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்ற ஆரம்பித்தார். ரோண்டா எழுந்து வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ராத்திரிதான் முதல் ஆடு குட்டி போட்டிருந்தது.

"பூட்டு முதல்ல! இப்பவே பூட்டு!"

"குழலை மட்டும் ஒரு தடவை துடைச்சுக்கிறேன். காபி ஆறுறதுக்குள்ள."

காபி ஆறவில்லை. அதற்குள் கொட்டகைப் பக்கத்திலிருந்து தாய் ஆடு அலறியது.

ரோண்டா கதவைத் திறந்தபோது வேலிக் கதவு விரியத் திறந்து கிடந்தது. ஆடுகள் முட்டியதில் அதன் தாழ்ப்பாள் முளை உடைந்து விழுந்திருந்தது. உள்ளே இரண்டு கயோட்டிகள். ஒன்றின் வாயில் குட்டியின் பின்னங்கால். மான் துப்பாக்கி மாடியில் பூட்டிய பெட்டியில். எல்டன் கையில் இருந்ததோ வெறும் குழல். அதை வைத்துக்கொண்டே, வெறும் காலுறையோடு, உறைபனியில் ஓடினார்.

"அதை வெச்சு என்ன பண்ணப் போற, பல்லு குத்தவா!" என்று பின்னாலேயே ஓடிவந்த ரோண்டா கத்தினாள்.

எல்டன் தகரத் தண்ணீர்த் தொட்டியில் குழலால் ஓங்கி ஓர் அடி அடித்தார். பள்ளத்தாக்கு முழுக்கக் கணீரென்றது. ஒரு கயோட்டி வேலியைத் தாண்டி ஓடிப்போனது. மற்றது குட்டியை விடாமல் இழுத்தது. அதன் முதுகில் விழுந்த அடியில் குட்டியைப் போட்டுவிட்டு ஓடைப் பக்கமாக ஓட்டம் பிடித்தது.

ரோண்டா மண்டியிட்டுக் குட்டியைத் தொட்டாள். காலில் ரத்தம். ஆனாலும் உயிர் இருந்தது. கத்தவும் செய்தது. அவள் அழுதாள், இந்தத் தடவை மறைக்கவில்லை. மிரண்ட ஆடுகள் எல்லாம் திமுதிமுவென்று திறந்த கதவை நோக்கி வந்தன. எல்டன் முதுகால் கதவைத் தள்ளி மூடினார். மூடியது நிற்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, வெறும் விரல் பட்டால் துருப்பிடிக்கும் என்று யாரையும் தொடவிடாத அந்தக் குழலை, தாழ்ப்பாள் வளையங்களுக்குள் சொருகி உள்ளங்கையால் ஓங்கி இறக்கினார். கதவு அசையாமல் நின்றது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் குட்டியைச் சுற்றி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார்.